காவலருக்கு நன்றி: சால்வைக்கு முன்னால் ஒரு பக்கக் கடிதம்

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் நடத்திய முதல் காவலர் பாராட்டு விழாவில் பதினொரு சால்வைகள் செலவாயின. மண்டபம் கொடுத்தவருக்கு ஒன்று, ஒலிபெருக்கி வைத்தவருக்கு ஒன்று, கவுன்சிலர் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டவருக்கு ஒன்று, காவல் அதிகாரிகளுக்கு நான்கு, எங்கள் சங்கத் தலைவருக்கே ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது. யாரை மனத்தில் வைத்து அந்த விழாவை ஆரம்பித்தோமோ, அந்த ஏட்டுக்கு மட்டும் சால்வை விழவில்லை. அவர் மண்டபத்துக்கு வெளியே நின்று, விழாவுக்கு வந்த கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அன்றைய பந்தோபஸ்து அவருக்குத்தான்.

செயலாளர் நான்தான். பழியை வேறு யார் மீதும் போட வழியில்லை.

தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து உள்ளே போகும் குடியிருப்பு எங்களுடையது. நான் 36 ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்து போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவள். முகவரி தப்பினால் எவ்வளவு நல்ல கடிதமும் திரும்பி வந்துவிடும் என்பதைத் தினமும் பார்த்தவள். பாராட்டுக்கும் முகவரி வேண்டும் என்று எனக்கு உறைக்க அந்த விழா தேவைப்பட்டது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்ச் சங்கத்தாரும் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி மாளவில்லை.

முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். திருடனைப் பிடித்தவர், நகையை மீட்டவர் படம் செய்தித்தாளில் வந்துவிடும். அவருக்குத் துறையே சான்றிதழ் கொடுத்துவிடும். உங்கள் கண் போகவேண்டியது வேறு பக்கம். எங்கள் மூன்றாம் தெரு முனை வீட்டில் ஒரு பட்டா நோட்டு தொங்குகிறது. இரவு ரோந்து வரும் காவலர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்து இடவேண்டும். ஒருநாள் காலையில் சும்மா எடுத்துப் புரட்டினேன். சில கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மூன்று நாளைக்குச் சேர்த்துப் போட்டவை போல இருந்தன. ஒருவருடையது மட்டும் ஒரு நாள் 1.10, ஒரு நாள் 2.35, மழை நாளில் மை கலைந்து 3.05 என்று இருந்தது. உண்மையாகவே வந்து போனவருடைய கையெழுத்து அப்படித்தான் இருக்கும். முத்திரை குத்திப் பிழைத்த எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்தான் நான் சொன்ன ஏட்டு.

அவர் என்ன செய்தார் என்பதைக் கீழே கடிதத்தில் தருகிறேன். அதற்கு முன், எங்கள் பக்கத்து வீட்டுப் பேராசிரியர் கிளப்பிய கேள்வி. ஓய்வு பெற்றவர், கோபக்காரர், பெரும்பாலும் நியாயமான கோபம். "2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தகப்பனும் மகனும் செத்துப்போனார்களே, அதற்குப் பிறகும் போலீசுக்குப் பாராட்டா?" என்றார். கூட்டத்தில் யாரும் பேசவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன்: நாம் போலீஸ் துறைக்கு நற்சான்று எழுதவில்லை. இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்னார் இதைச் செய்தார் என்று மட்டும் எழுதுகிறோம். அதே நிலையத்தில் இன்னொருவர் தவறு செய்தால் அதே பேனாவால் புகாரும் எழுதுவோம். அவர் ஒப்புக்கொண்டாரா தெரியவில்லை, ஆனால் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். பொத்தாம்பொதுவான புகழ்ச்சிதான் ஆபத்து என்பதை அவரிடமிருந்துதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன்.

விவரம் சேகரிப்பது அடுத்த வேலை. பெயர், பதவி, எண் மூன்றும் வேண்டும். பெயர்ப் பட்டை சீருடையின் மார்பில் இருக்கும். ஒரே நிலையத்தில் ஒரே பெயரில் இருவர் இருப்பது சாதாரணம். ஆகவே எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதவியைத் தவறாக எழுதாதீர்கள். இரண்டாம் நிலைக் காவலர், முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர், சிறப்பு உதவி ஆய்வாளர், உதவி ஆய்வாளர், ஆய்வாளர் என்பது ஏணி. தலைமைக் காவலரைத்தான் நாம் ஏட்டு என்கிறோம். சிறப்பு உதவி ஆய்வாளர் கீழ்ப்படியில் சேர்ந்து பல ஆண்டு உழைத்து அங்கே வந்தவர். அவரை 'காவலர்' என்று எழுதிவிட்டால் கடிதத்தின் மற்ற வரிகள் அவர் கண்ணில் படாது.

எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்கள் உண்டு. நேரே நிலையத்துக்குப் போய் "அந்த போலீஸ்காரர் பெயர் என்ன?" என்று கேட்டால், வாசலில் பாரா நிற்பவர் முகம் மாறிவிடும். புகார் கொடுக்க வந்திருக்கிறோம் என்றுதான் நினைப்பார். "நன்றிக் கடிதம் எழுத வேண்டும், விவரம் வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் நிலைய ரைட்டர் அதைக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். கேட்கப் போகும் நேரமும் முக்கியம். காலையில் ரோல் கால் நடக்கும் வேளையிலும், பெரிய விழா நடக்கும் நாளிலும் போகாதீர்கள். எங்கள் ஊரில் ஐப்பசி சதய விழா வாரத்தில் நிலையத்தில் ஈ காக்கை இருக்காது, எல்லோரும் பெரிய கோயில் பந்தோபஸ்தில் இருப்பார்கள்.

இனி கடிதம். நடந்ததைக் கண்ணால் பார்த்தவரோ பயன் பெற்றவரோதான் எழுத வேண்டும். சங்கத்தின் முகப்புத் தாளில் செயலாளர் எழுதுவது இரண்டாம்பட்சம். எங்கள் விஷயத்தில், அந்த ஏட்டு ஓர் இரவு வீடு கொண்டுவந்து சேர்த்த பெரியவரின் மகள் எழுதினார். அவருடைய முதல் வரைவில் 'காக்கிச் சட்டைக்குள் ஒரு கருணைக் கடல்' என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். வருத்தப்பட்டார். கடலை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவார்கள்? கடைசியில் போனது இது, பெயர்களையும் எண்ணையும் மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்:

பெறுநர்: காவல் கண்காணிப்பாளர் அவர்கள், தஞ்சாவூர் மாவட்டம்.
நகல்: துணைக் காவல் கண்காணிப்பாளர், காவல் நிலைய ஆய்வாளர்.
பொருள்: தலைமைக் காவலரின் பணிக்கு நன்றி தெரிவித்தல்.
ஐயா, கடந்த 12ஆம் தேதி இரவு சுமார் 1.40 மணிக்கு, 78 வயதான என் தந்தை எங்கள் குடியிருப்பின் மூன்றாம் தெரு முனையில் வழி தெரியாமல் நின்றிருக்கிறார். அவருக்கு மறதி நோய் உண்டு. பெயரைச் சொல்லவும் இயலவில்லை. ரோந்தில் வந்த தலைமைக் காவலர் திரு. ........, எண் ........, அவரை நிலையத்துக்கு அழைத்துச் சென்று தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். தந்தையின் சட்டைப் பையில் இருந்த மருந்துக்கடை ரசீதைக் கொண்டு கடை உரிமையாளரின் வீட்டைத் தேடி எழுப்பி, எங்கள் முகவரியைக் கேட்டு அறிந்து, 4.15 மணிக்கு அவரை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். அவர் வெளியே போனதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. தலைமைக் காவலர் எங்களிடம் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. மருந்துக்கடை உரிமையாளரும் சாட்சியாகக் கீழே கையெழுத்திட்டிருக்கிறார். இச்செயலைத் தலைமைக் காவலரின் பணிப்பதிவில் சேர்ப்பது குறித்துத் தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

அவ்வளவுதான். ஒரு பக்கம். 'தன்னலமற்ற' என்ற சொல் இல்லை; ஆனால் 1.40க்கும் 4.15க்கும் நடுவே இருக்கும் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடத்தை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாராட்டப்படுபவருக்கே கடிதத்தைக் கொடுத்தால் அவர் அதை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வார், அத்துடன் முடிந்தது. முதலமைச்சருக்கு அனுப்பினால் அது படிப்படியாக இறங்கி வருவதற்குள் ஏட்டு இடமாறுதல் வாங்கிக்கொண்டு போயிருப்பார். மாவட்டங்களில் எஸ்.பி. சரியான முகவரி, நகல் டி.எஸ்.பி.க்கும் ஆய்வாளருக்கும். சென்னை, தாம்பரம், ஆவடி, கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், திருநெல்வேலி போல ஆணையரகம் உள்ள நகரம் என்றால் காவல் ஆணையருக்கு எழுதி, நகலைத் துணை ஆணையருக்கும் உதவி ஆணையருக்கும் அனுப்புங்கள். ஆய்வாளரை விட்டுவிட்டு மேலே மட்டும் எழுதாதீர்கள். "என் நிலையத்தில் நடந்தது எனக்கே மேலிடத்திலிருந்து தெரிய வருகிறதே" என்று அவர் நினைத்தால், அந்தச் சங்கடம் ஏட்டின் தலையில் விடியும்.

தபாலில் அனுப்புவதானால் ஒப்புகை கிடைக்கும்படி அனுப்புங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அதைப் பற்றி எனக்குள்ள வருத்தத்தைத் தனியாக எழுதலாம், இங்கே வேண்டாம். நான் தபாலில் அனுப்பவில்லை, நேரில் போனேன். புதன்கிழமைகளில் எஸ்.பி. அலுவலகத்தில் பொதுமக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. பெரியவரின் மகளும் நானும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நிலத்தகராறு, பின்னால் சீட்டுப் பண மோசடி. மனுக்களைப் பதிவு செய்த பெண் காவலர் தலையை நிமிர்த்தாமலே, "என்ன புகார் அம்மா?" என்றார். "புகார் இல்லை, நன்றி" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். அவருடைய பதிவேட்டில் நிலம், பணம், குடும்பம் என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. நன்றிக்குக் கட்டம் இல்லை. சற்று யோசித்து 'இதர' என்பதில் எழுதிக்கொண்டார். நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். நான் வாங்கினேன், தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். பழக்கதோஷம்.

இந்தக் கடிதத்தால் என்ன ஆகும்? மேலதிகாரி விரும்பினால் நற்சேவைப் பதிவு கொடுக்கலாம், சிறிய வெகுமதி கொடுக்கலாம். மாவட்டங்களில் மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் எஸ்.பி. கையால் பாராட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் உண்டு; எங்கள் ஏட்டுக்கு அப்படித்தான் கிடைத்தது. காவல் துறையில் தண்டனைகள் உடனுக்குடன் காகிதத்தில் ஏறிவிடும், நல்லது வாய்ப்பேச்சாகவே போய்விடும். கடிதம் அந்தத் தராசில் ஒரு படிக்கல்.

பதக்கம் வாங்கித் தரலாமா என்று கேட்பவர்களுக்கு: அது நம் கையில் இல்லை, துறையின் பரிந்துரையில் இருக்கிறது. என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பொங்கலையொட்டி முதலமைச்சரின் காவலர் பதக்கம் அறிவிக்கப்படும். 2023இல் அது 3,000 காவலர்களுக்கு அறிவிக்கப்பட்டது, மாதம் 400 ரூபாய் பதக்கப்படியுடன். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் அண்ணா பதக்கங்கள். கள்ளச்சாராய ஒழிப்பில் உழைத்தவர்களுக்கு காந்தியடிகள் காவலர் விருது, குடியரசு நாளில். குடியரசுத் தலைவரின் பதக்கங்கள் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் அறிவிக்கப்படும். இவற்றுக்கெல்லாம் பெயரைப் பரிந்துரைக்கும் அதிகாரி பணிப்பதிவைத்தான் புரட்டுவார். அதில் நம் கடிதத்தால் வந்த ஒரு வரி இருந்தால் போதும். அதற்கு மேல் பதக்கத்துக்காக நாம் யாரையும் போய்ப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது சிபாரிசு.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு விழா வைக்க ஆசையிருந்தால் வையுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அழைப்பிதழ் அச்சடிப்பதற்கு முன் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். அரசு ஊழியர் ஒருவர் தம்மைப் பாராட்டும் கூட்டத்தில் கலந்துகொள்ளவும் பரிசு வாங்கவும் நடத்தை விதிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. எஸ்.பி.க்கு எழுதும் அந்தக் கடிதத்தில், இன்னாரைப் பாராட்டுகிறோம், அவருக்கு அந்த நேரத்தில் வேறு பணி ஒதுக்காமல் இருக்க வேண்டுகிறோம் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாததால்தான் எங்கள் ஏட்டு சாலையில் நின்றார். அவருடைய வார விடுப்பு நாளைக் கேட்டு, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருநாள் பிள்ளைகளோடு இருப்பவரை இழுத்துவந்து சொற்பொழிவு கேட்கவைப்பது மரியாதை ஆகாது.

பரிசு விஷயத்தில் எங்கள் சங்கத்தில் ஒரு நகைக்கடைக்காரர் மோதிரம் தருவதாகச் சொன்னார். கும்பிட்டு மறுத்துவிட்டோம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். பாராட்டுப் பரிசு லஞ்சம் ஆகிவிடாது என்று வாதாடலாம். வாதாடும் நிலைக்கு ஏட்டை ஏன் கொண்டுபோக வேண்டும்? பணம், தங்கம், பரிசுக்கூப்பன் எதுவும் வேண்டாம். ஃபிரேம் போட்ட பாராட்டு மடல், ஒரு புத்தகம், அவ்வளவு போதும்.

இரண்டாவது முறை விழா வைத்தபோது ஊர்ப் பெருமைக்காகத் தலையாட்டிப் பொம்மை கொடுத்தோம். பெண் காவலர் ஒருவர் அதைக் கையில் வாங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "எங்களைப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தீர்களா அம்மா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. எனக்குத்தான் வியர்த்தது. மூன்றாம் முறையிலிருந்து பொம்மை கிடையாது.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் செப்டம்பர் 6 காவலர் நாள். 1859இல் மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் வந்த நாள் அது. 2025இல்தான் இதை அறிவித்தார்கள். பாராட்டுக்குப் பொருத்தமான நாள், ஆனால் விநாயகர் சதுர்த்தி அதையொட்டி வந்தால் சிலைக் கரைப்புப் பந்தோபஸ்தில் ஒருவரும் வர இயலாது. அக்டோபர் 21ஐ விழா நாளாக எடுக்காதீர்கள். 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் சுட்டதில் மத்திய ரிசர்வ் காவலர்கள் பத்துப் பேர் இறந்த நாள் அது. பணியில் உயிர்நீத்தவர்களுக்கு வீரவணக்கம் செலுத்தும் நாள். அன்று ஆயுதப்படை மைதானத்தில் அஞ்சலி நடக்கும். பொதுமக்களை அனுமதித்தால் போய் நின்று வாருங்கள், மேளம் வைக்காதீர்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள்.

மேடையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முந்தின நாளே பட்டியல் போட்டு முடிவு செய்யுங்கள். செலவை ஏற்கிறேன் என்று வருகிறவருக்கு அந்த நிலையத்தில் வழக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். எங்களிடம் ஒருவர் தாராளமாக முன்வந்தார்; விசாரித்தால், அவர் மீதே ஒரு கைகலப்புப் புகார் விசாரணையில் இருந்தது. உங்கள் சொந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரியையும் அது முடியும்வரை பாராட்டாதீர்கள். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கில் கைது செய்ததற்காக மாலை போடுவதும் வேண்டாம். கைதானவர் குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த மாலைப் படத்தை எடுத்து நீட்டினால் அதிகாரிக்குத்தான் தலைவலி. சிறார் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் வாயைத் திறக்காமல் இருப்பதே பாராட்டு. பெயரை விடுங்கள், பள்ளி, தெரு என்று எந்த அடையாளமும் வெளியே போகக் கூடாது. சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் அதில் கண்டிப்பானது. எங்கள் பகுதியில் ஒரு பெண் காவலர் செய்த மிக நல்ல காரியம் ஒன்று எனக்குத் தெரியும். அதை மூடிய உறையில் எஸ்.பி.க்கு மட்டும் எழுதினோம். மேடையில் அவருடைய 'சிறப்பான பணிக்கு' என்று ஒரே சொற்றொடர்தான் வாசித்தோம். கைதட்டியவர்களில் நான்கு பேருக்குக்கூட விவரம் தெரியாது.

விழா முடிந்ததும் மண்டபத்துச் சாவியோடு வேலை முடிந்துவிடவில்லை. பதினைந்து இருபது நாள் கழித்து ஆய்வாளரைப் பார்த்து, கடிதம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். ஒருமுறைதான், மூன்று முறை கேட்டால் காவலரே கேட்கச் சொன்னதாக நினைப்பார்கள். இடையில் அவர் மாறுதலாகிப் போயிருந்தால், புதிய நிலைய ஆய்வாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எங்கள் ஏட்டு இப்போது வேறு உட்கோட்டத்தில் இருக்கிறார். நகல் போயிருக்கிறது. அவருடைய இடத்துக்கு வந்தவர் பட்டா நோட்டில் இடும் கையெழுத்தை நான் கவனித்துவருகிறேன், இப்போதைக்குக் கருத்து இல்லை.

அடுத்த கடிதம் பள்ளிக்கூட வாசலில் போக்குவரத்தைக் கவனிக்கும் ஒரு பெண் காவலருக்கு. காலை 8.30 முதல் 9.15 வரை, பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது பஸ்களைத் தன் இடது கையால் நிறுத்திவிட்டு, வலது கையில் ஏதாவது ஒரு சின்னப் பையையோ விரலையோ பிடித்துக்கொண்டு வருவார். சாட்சிக்கு இரண்டு தாய்மார்கள் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார்கள். பெயரும் எண்ணும்தான் பாக்கி. இன்று காலை குறித்துவரப் போனேன். நல்ல மழை, பெயர்ப் பட்டை மழைக்கோட்டுக்குள் மறைந்துவிட்டது. நாளை மறுபடியும் போகிறேன்.